பாபாசாகேபும் வாக்குச் சீட்டும்

டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். அவர் கல்வியில் அடைந்த உயர்வைச் சிலர் எழுதினர். மகாட் குளத்து நீரை அள்ளிப் பருகிய வரலாற்றைச் சிலர் எழுதினர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு திரிசரணம் ஏற்ற நிகழ்ச்சியை நம் சங்கத்தார் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றனர். நாம் இங்கே சொல்லப் புகுவது அவ்வாழ்க்கையின் வேறொரு பகுதியாகும். வாக்குரிமையைப் பற்றி அவர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் எண்ணியும், வாதாடியும், எழுதியும், இறுதியில் தாமே வேட்பாளராக நின்று தோற்றும் அறிந்தவற்றை வரிசையாகக் கூற விரும்புகிறோம்.

அந்த முப்பத்தைந்து ஆண்டுகளிலும் அவர் முன் நின்ற கேள்விகள் மூன்று. வாக்களிக்கத் தகுதியுடையோர் யார் என்பது முதற் கேள்வி. அளித்த வாக்கு அளித்தவனுக்கே பயன்படுமாறு செய்வது எவ்வாறு என்பது இரண்டாவது. வாக்கை வாங்கி எண்ணுகிறவர்கள் எவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டிருப்பர் என்பது மூன்றாவது. தேர்தலில் அநீதி புகுமானால் இம்மூன்று வாயில்களில் ஒன்றன் வழியாகவே புகும். ஆகையால் அன்னார் வாழ்க்கையை இம்மூன்று கேள்விகளின் வழியே காண்போம்.

பாபாசாகேப் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். மகார் குலத்தில் பிறந்த குற்றத்துக்காக அச்சிறுவர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர இயலவில்லை. தாம் கொண்டு வந்த கோணியை விரித்துத் தனியே உட்கார்ந்தார். தாகம் எடுத்தால் பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. அத்தகைய சிறுவர் 1912-இல் பம்பாயில் பி.ஏ. பட்டம் பெற்று, பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையினால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் இலண்டன் சென்று, 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். அங்கும் பொதுக் குடத்து நீரை அவர் தொடலாகாது எனச் சக ஆசிரியர் சிலர் தடுத்தனர் என்பதை அறிவோம். கல்வி உயர்ந்தும் இழிவு நீங்கவில்லை. சட்டம் இயற்றும் இடத்தில் நம்மவர் அமர்ந்தாலன்றி இந்நிலை மாறாது என்னும் எண்ணம் அவருக்கு இக்காலத்தில் உறுதிப்பட்டிருத்தல் வேண்டும்.

அதற்குத் தக்க சமயமும் வந்தது. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வரவிருந்த காலம் அது. யார் யாருக்கு வாக்குரிமை அளிக்கலாம் என ஆராய்வதற்கு சவுத்பரோ பிரபுவின் தலைமையில் ஒரு கமிட்டி இந்தியாவெங்கும் சாட்சியம் கேட்டு வந்தது. 1919-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இருபத்தேழு வயதினரான பேராசிரியர் அம்பேத்கர் அதன் முன் சென்று சாட்சியம் அளித்தார்.

அந்நாளில் வாக்குரிமை என்பது சொத்துடையவர்க்கும் வரி செலுத்துவோர்க்குமே உரியதாயிருந்தது. நிலம் வாங்க முடியாதபடி வழக்கத்தால் தடுக்கப்பட்டவனிடம் நிலம் உண்டா எனக் கேட்டு வாக்கு மறுப்பது என்ன முறை என்று டாக்டர் வாதித்தார். தீண்டப்படாதோர்க்கு வாக்குத் தகுதியைத் தாழ்த்த வேண்டும் எனவும், அவர்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் எனவும் கேட்டார். வாக்களித்தல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் செயல் மட்டுமன்று, தானும் இந்நாட்டு ஆட்சியில் பங்குடையவன் என்பதை ஒருவன் கற்றுக்கொள்ளும் கல்வியும் ஆகும் என்பது அவர் கருத்து.

அவர் கேட்டது கிடைக்கவில்லை. தேர்தலுக்குப் பதிலாக நியமனம் என்னும் வழி வகுக்கப்பட்டது. அதாவது கவர்னர் தாம் விரும்பும் ஒருவரைத் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதி எனப் பெயரிட்டுச் சட்டசபையில் அமர்த்துவார். சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜா அவர்களும், இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் இவ்வாறே சட்டசபைக்குச் சென்றனர். டாக்டர் அம்பேத்கரும் 1927 முதல் பம்பாய்ச் சட்டசபையில் நியமன உறுப்பினராகவே அமர்ந்தார். இப்பெரியோர்கள் கிடைத்த இடத்தைக் கொண்டு பெருந்தொண்டு ஆற்றினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நியமனம் பெற்றவர் நியமித்தவருக்கே கடமைப்பட்டவர். மக்கள் அவரை அனுப்பவும் இல்லை, திருப்பி அழைக்கவும் இயலாது. எனவே டாக்டர் நியமன முறையைத் தொடர்ந்து கண்டித்து வந்தார்.

1928-இல் சைமன் கமிஷன் வந்தபொழுது அவருடைய கோரிக்கை மேலும் விரிந்தது. வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு வேண்டும் என அவர் கேட்டார். பம்பாய் மாகாணக் கமிட்டியின் உறுப்பினராயிருந்த அவர் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் 1929 மே மாதத்தில் தனியறிக்கை ஒன்று தந்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு அளிக்கப்படுமானால், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய இடங்களோடு கூட்டுத் தொகுதியே போதும் என அதிற் குறித்தார். பிற்காலத்தில் அவர் தனித்தொகுதி கேட்டமையை மட்டும் நினைவிற் கொண்டு, அவர் நாட்டைப் பிரிக்க விரும்பினார் எனச் சொல்வோர் இவ்வறிக்கையைக் கருதுவதில்லை. எல்லார்க்கும் வாக்கு என்பதே அவர் முதலில் நாடியது. அது கிடைக்காது எனத் தெரிந்த இடத்தில்தான் வேறு பாதுகாப்பைத் தேடினார்.

அடுத்து இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1930 நவம்பரில் இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர் இருவர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். மற்றவர் எழுபது வயதை எட்டிய நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். மராட்டியத்து இளைஞரும் தமிழ்நாட்டு முதியவரும் சேர்ந்து கையொப்பமிட்டு அரசியல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அம்மாநாட்டின் முன் வைத்தனர். தமிழ் மக்களாகிய நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி இது.

1931-இல் கூடிய இரண்டாம் மாநாட்டில் காந்தியாருக்கும் டாக்டருக்கும் கருத்து மாறுபாடு முற்றியது. தீண்டாமை என்னும் பாவத்தை இந்துக்களே கழுவ வேண்டும், தனித்தொகுதி அப்பிளவை நிலைநிறுத்திவிடும் என்பது காந்தியாரின் அச்சம். வாக்காளரில் சிறு பங்கினராகிய தாழ்த்தப்பட்டோர், பெரும் பங்கினரோடு கலந்து வாக்களித்தால் பெரும்பான்மையோர் விரும்பும் ஆளே வெல்வார். அவர் பிறப்பால் நம்மவராயினும் பேச்சால் நம்மவராயிரார் என்பது டாக்டரின் அச்சம்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி ராம்சே மாக்டொனால்டு தம் தீர்ப்பை வெளியிட்டார். மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 71 இடங்கள். அவ்விடங்களுக்கு அவர்கள் மட்டுமே வாக்களிப்பர். பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு மற்றொரு வாக்கு உண்டு. இத்தீர்ப்பை எதிர்த்துக் காந்தியார் செப்டம்பர் 20-ஆம் நாள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். நாடு முழுவதும் கலங்கியது. காந்தியார் உயிர் நீத்தால் கிராமங்கள்தோறும் ஏழை எளிய தாழ்த்தப்பட்டோர்க்கு நேரக்கூடிய தீங்கு டாக்டரின் கண்முன் நின்றது. செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டார். சீனிவாசன் அவர்களும், கூட்டுத் தொகுதியை முன்னரே ஆதரித்திருந்த ராஜா அவர்களும் கையொப்பமிட்டனர்.

அவ்வொப்பந்தத்தினால் இடங்கள் 71-இலிருந்து 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். ஆனால் தனித்தொகுதி போயிற்று. இரட்டை வாக்கும் போயிற்று. அதற்கு ஈடாக முதற்றேர்தல் என்னும் முறை வந்தது. ஒதுக்கிய இடம் ஒவ்வொன்றுக்கும் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் தமக்குள் நால்வரை முதலில் தேர்ந்தெடுப்பர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லாச் சாதியாரும் கூடித் தேர்ந்தெடுப்பர். எண்ணிக்கையில் இலாபம்; ஆனால் இறுதிச் சொல் பிறர் கையில். இடங்களின் எண்ணிக்கை வேறு, வாக்கின் வலிமை வேறு என்னும் பாடத்தை இவ்வொப்பந்தம் நமக்குக் கற்பித்தது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் டாக்டர் தாம் அமைத்த சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாயில் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. அவரும் தாழ்த்தப்பட்ட குலத்தவர். கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வீசுவதில் நாடறிந்த வீரர். இளமையில் டாக்டரே போற்றியவர். டாக்டர் வென்றார், அவர் கட்சியினரும் பெரும்பாலோர் வென்றனர். ஆயினும் 1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலைமை தலைகீழாயிற்று. பட்டியல் சாதியார் சம்மேளனத்தின் வேட்பாளர் சிலர் முதற்றேர்தலில் முன்னணியில் நின்றும் இறுதித் தேர்தலில் தோற்றனர். தம் மக்கள் முதலிடம் கொடுத்து அனுப்பியவர்கள் பிறர் வாக்கினால் விலக்கப்பட்டனர். டாக்டர் 1932-இல் அஞ்சியது இதுவே.

அத்தோல்வியினால் அரசியல் நிர்ணய சபைக்குள் செல்வதும் அவருக்கு அரிதாயிற்று. அச்சபை உறுப்பினர்களை மாகாணச் சட்டசபையினரே தேர்ந்தெடுத்தனர். பம்பாயில் அவருக்கு ஆதரவில்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் முதலியோர் முயன்று 1946-இல் அவரை அங்கிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பினர். நாடு பிரிந்தபொழுது அவ்விடம் இல்லாமற் போயிற்று. பின்னர் 1947 சூலையில் காங்கிரஸாரே முன்வந்து பம்பாயிலிருந்து அவரை அனுப்பினர். ஆகஸ்டுத் திங்களில் அவர் சட்ட மந்திரியானார். அம்மாத இறுதியில் அரசியல் சட்ட வரைவுக் கமிட்டிக்குத் தலைவரானார். கோணியில் தனியே அமர்த்தப்பட்ட சிறுவர் நாட்டின் அடிப்படைச் சட்டத்தை எழுதும் ஆசனத்தில் அமர்ந்தார்.

அவர் நெடுநாள் கேட்டு வந்த முதற் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. நிலம் உண்டா, வரி கட்டினாயா, எழுதத் தெரியுமா என்னும் கேள்விகள் ஒழிந்தன. 325-ஆம் பிரிவு தொகுதிக்கு ஒரே வாக்காளர் பட்டியல் எனவும், மதம், இனம், சாதி, பால் காரணமாக எவரையும் அதிலிருந்து நீக்கலாகாது எனவும் விதித்தது. இரண்டாவது கேள்விக்கு அரை விடையே கிடைத்தது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன, ஆனால் தொகுதி கூட்டுத் தொகுதியே, முதற்றேர்தலும் இல்லை.

மூன்றாவது கேள்வியே 1949 சூன் மாதத்தில் அச்சபையின் முன் வந்தது. தேர்தலை நடத்துவோர் யார்? முதல் வரைவில், மத்தியத் தேர்தல்களுக்கு ஒரு கமிஷனும், மாகாணங்களுக்குக் கவர்னர்கள் அமைக்கும் தனிக் கமிஷன்களும் என எழுதப்பட்டிருந்தது. சூன் 15-ஆம் நாள் டாக்டர் எழுந்து அவ்வரைவையே மாற்றினார். நாடு முழுவதற்கும் ஒரே கமிஷன், அது மாகாண அரசாங்கங்களின் பிடியில் இராத கமிஷன் என்பது அவர் கொண்டு வந்த திருத்தம். அவர் காட்டிய காரணத்தை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். சில மாகாணங்களில் அதிகாரத்திலிருப்போர், தம் இனத்தையோ மொழியையோ பண்பாட்டையோ சேராத மக்களை வாக்காளர் பட்டியலில் சேராதபடி தடுத்து வருவதாக முறையீடுகள் வந்திருந்தன. வாக்கு எண்ணுமிடத்தில் நிகழும் மோசடியைப் பலரும் காண்பர். பட்டியல் எழுதுமிடத்தில் நிகழும் மோசடியோ தேர்தல் நாளன்றுதான் வெளிப்படும். அப்பொழுது பரிகாரமும் இராது.

இதனை நாம் ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லோம். இளமையில் நாம் பஞ்சாலை ஒன்றில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்த நாளில், தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் வந்தது. பெயர்ப் பட்டியலும் வாக்குப் பெட்டியும் மேஸ்திரியின் மேசைமேல் இருந்தன. ஷிப்டு முடிந்து நாம் சென்று நின்றபொழுது நம் பெயர் அதில் இல்லை. நம் சேரியிலிருந்து வந்த வேறு சிலர் பெயரும் இல்லை. கேட்டதற்கு, எழுத விட்டுப்போயிற்று, அடுத்த முறை பார்ப்போம் என்றார் மேஸ்திரி. எவரும் எவரையும் அடிக்கவில்லை, பெட்டியை உடைக்கவில்லை, ஓசையின்றி ஒரு தேர்தல் முடிந்தது. பல ஆண்டுகள் கழித்து அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகளை மொழிபெயர்ப்பார் உதவியுடன் படித்தபொழுதுதான், அன்று நமக்கு நேர்ந்தது இன்னதென்று நமக்கே விளங்கியது.

பாபாசாகேப் இத்தீங்குக்கு மருந்தாக வகுத்ததே 324-ஆம் பிரிவு. பட்டியல் தயாரித்தலும், தேர்தலை நடத்துதலும், மேற்பார்வையும் தேர்தல் கமிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன. தலைமைத் தேர்தல் கமிஷனரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்கும் முறையிலன்றி நீக்க இயலாது. தேர்தல் வேலைக்கு அரசாங்க ஊழியர்களை இரவல் வாங்கலாம். ஆனால் அவ்வேலையில் இருக்கும் வரை அவர்கள் கமிஷனின் கட்டளைக்கே அடங்கியவர். நாட்டின் அரசியல் சட்டம் 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், இந்த 324-ஆம் பிரிவு அதற்கு முன்னரே, 1949 நவம்பர் 26-ஆம் நாளிலேயே உயிர் பெற்றது. தேர்தலுக்கு முன் தேர்தலின் காவலர் இருத்தல் வேண்டும் அன்றோ?

ஆயினும் இக்காவலில் ஓர் ஓட்டை இருந்தது. அதனைச் சபையில் சிப்பன் லால் சக்சேனா என்னும் உறுப்பினர் சுட்டிக் காட்டினார். கமிஷனரை நியமிப்பவர் ஜனாதிபதி என எழுதப்பட்டிருக்கிறது. ஜனாதிபதியோ பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நடப்பவர். அவ்வாறாயின் ஆளுங்கட்சி தன் ஆளையே நியமிக்காதா? பார்லிமெண்டின் இரு சபைகளும் சேர்ந்த கூட்டத்தில் மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொண்டாலன்றி நியமனம் செல்லாது என எழுதலாம் என்பது அவர் யோசனை. பண்டித குன்ஸ்ருவும் வரைவிலுள்ள குறைகளைக் கடிந்து பேசினார்.

இங்கே டாக்டர் அம்பேத்கர் நடந்துகொண்ட விதமே நம் உள்ளத்தைத் தொடுவது. தாம் எழுதிய வரைவு என்பதற்காக அவர் அதனை மூடி மறைத்துப் பேசவில்லை. கமிஷனரை நீக்குவதைத் தடுத்துவிட்டோம். ஆனால் அறிவற்ற ஒருவனோ, நாணயமற்ற ஒருவனோ, அரசாங்கத்தின் கைக்குள் அடங்கியவனோ அப்பதவியில் முதலிலேயே நியமிக்கப்படுவதைத் தடுக்க இதில் வழியில்லை என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அது தமக்குத் தலைவலி தந்த கேள்வி எனவும் சொன்னார். ஜனாதிபதிக்கு வழிகாட்டும் கட்டளைப் பத்திரம் ஒன்றன் மூலம் இக்குறையைத் தீர்க்கலாம் என அவர் எண்ணினார். அப்பத்திரமும் பின்னர் கைவிடப்பட்டது. இறுதியில், பார்லிமெண்டு இயற்றும் சட்டத்துக்கு உட்பட்டு ஜனாதிபதி நியமிப்பார் என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன. அதாவது வேலையின் மிச்சம் பின்வருவோர்க்கு விடப்பட்டது.

முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. தலைமைக் கமிஷனராக அமர்ந்தவர் சுகுமார் சென். பட்டியலில் 17 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர்கள் ஏறின. தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 28 இலட்சம் பேரின் பதிவுகள் ஏற்கப்படவில்லை. சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்ததற்கு இதுவும் ஒரு சான்று.

அத்தேர்தலில் பாபாசாகேப் பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கிய இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு சீட்டுகள் கொடுக்கப்படும்; இரண்டையும் ஒரே வேட்பாளர் பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது. முடிவு வந்தபொழுது காங்கிரஸ் வேட்பாளர் கஜ்ரோல்கருக்கு 1,38,137 வாக்குகளும் டாக்டருக்கு 1,23,576 வாக்குகளும் கிடைத்திருந்தன. தேர்தல் சட்டத்துக்குத் தாயகம் தந்தவர் அச்சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தலிலேயே தோற்றார். அத்தொகுதியில் 74,333 சீட்டுகள் செல்லாதவை எனத் தள்ளப்பட்டிருந்தன. வாக்குகளை இவ்வாறு வீணாக்குமாறு மக்களிடம் பிரசாரம் செய்யப்பட்டது எனக் கூறி, அவரும் அவரோடு நின்று தோற்ற சோஷலிஸ்டுத் தலைவர் அசோக் மேத்தாவும் தேர்தல் மனுத் தாக்கல் செய்தனர். மனு தள்ளுபடியாயிற்று.

பின்பு அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் மக்களை நாடி நின்றார். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. அங்கும் ஏறத்தாழ 8,000 வாக்குகளில் தோற்றார். உடல் நலிந்து, நடப்பதற்கும் துணை வேண்டியிருந்த காலம் அது. இரு தோல்விகளிலும் அவர் கலகத்தை நாடவில்லை. குறை கண்ட இடத்தில் மனு எழுதினார், மனு தள்ளப்பட்டபின் மறுமுறை வேட்பாளராக நின்றார். சட்டத்தின் குறையைச் சட்டத்தின் வழியாகவே தீர்க்க வேண்டும் எனப் பிறர்க்குச் சொன்னதைத் தம் தோல்வியிலும் அவர் கைவிடவில்லை. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் அவர் பரிநிர்வாணம் அடைந்தார்.

அவர் மறைந்தபின் நடந்தவற்றையும் சுருங்கச் சொல்லுதல் நம் கடமை. இரட்டை உறுப்பினர் தொகுதி முறை 1961-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரண்டு சீட்டில் ஒன்று வீணாகும் தொல்லை அதனோடு தீர்ந்தது. ஆனால் ஒதுக்கிய தொகுதியில் வெற்றியைத் தீர்மானிப்பவர் யார் என்னும் 1932-ஆம் ஆண்டுக் கேள்வி தீரவில்லை. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆக 1989-இல் குறைந்தது. 1993 முதல் தேர்தல் கமிஷன் மூவர் அடங்கியதாயிற்று.

நியமனத்தைப் பற்றிய சட்டமோ எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்றப்படவேயில்லை. எந்தக் கட்சி ஆண்டபோதும் அரசாங்கத்தின் ஆலோசனைப்படியே கமிஷனர்கள் அமர்த்தப்பட்டனர். 2023 மார்ச்சு 2-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் இக்குறையை எடுத்துரைத்து, சட்டம் இயற்றப்படும் வரை பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் கொண்ட குழுவின் ஆலோசனைப்படியே நியமனம் நடைபெற வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. அதன்படி குழுவில் தலைமை நீதிபதிக்குப் பதிலாகப் பிரதம மந்திரி குறிக்கும் ஒரு மத்திய மந்திரி இடம்பெற்றார். மூவரில் இருவர் அரசாங்கத்தவர். 1949-இல் சக்சேனா எழுப்பிய கேள்வியையும் டாக்டர் ஒப்புக்கொண்ட குறையையும் இதனோடு வைத்து எண்ணிப் பார்ப்பது வாசகர் பொறுப்பு. நாம் எக்கட்சிக்கும் பரிந்து பேச வரவில்லை. இன்று ஆளுவோர் நாளை எதிர்வரிசையில் அமர்வர். அப்பொழுது அவர்களுக்கும் நடுநிலையான காவலர் வேண்டும்.

இனி நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு சொல். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் நிகழ்த்திய இறுதிப் பேருரையில், ஜனநாயக நடைமுறை இந்நாட்டுக்குப் புதிதன்று எனவும், பௌத்த பிக்கு சங்கங்களில் தீர்மானம், வாக்கெடுப்பு முதலிய விதிகள் இருந்தன எனவும் பாபாசாகேப் எடுத்துக் காட்டினார். விநய பிடகத்தைப் படிப்போர் இதன் உண்மையை அறிவர். சங்கத்தில் வழக்கு ஒன்று தீராதபொழுது, பிக்குகள் சலாகை என்னும் குச்சிகளை எடுத்துத் தம் கருத்தைத் தெரிவிப்பர். அக்குச்சிகளைக் கொடுத்து வாங்கும் பொறுப்பை எவரும் தாமே எடுத்துக்கொள்ள இயலாது. சங்கமே ஒருவரைத் தேர்ந்து நியமிக்கும். அவர்க்கு ஐந்து தகுதிகள் வேண்டும். விருப்பத்தால் சாயாமை, வெறுப்பால் சாயாமை, மயக்கத்தால் சாயாமை, அச்சத்தால் சாயாமை, எது எடுக்கப்பட்டது எது எடுக்கப்படவில்லை என அறிந்திருத்தல் ஆகியவையே அவை.

முதல் நான்கும் உள்ளத்தின் தூய்மை. ஐந்தாவது கணக்கின் தூய்மை. நியமனத்தின் முறையும் நியமிக்கப்படுவோரின் தகுதியும் பிக்குகளின் சிறு சபைக்கே இவ்வளவு இன்றியமையாதனவாயின், கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என நாமே உணரலாம். பாபாசாகேப் முதல் வாயிலை நமக்குத் திறந்து வைத்தார். இரண்டாவதைப் பாதி திறந்தார். மூன்றாவதில் பூட்டு மாட்டி, அதில் இன்னும் ஒரு வேலை மீதியிருக்கிறது என ஒளிக்காமல் சொல்லிச் சென்றார்.

உபாசக உபாசிகையரே! அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும் வரை காத்திராமல், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என இப்பொழுதே பாருங்கள். உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் பெயரையும், வேலை தேடி வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர் பெயரையும், புதிதாக மணமாகி வந்த பெண்ணின் பெயரையும் பாருங்கள். விடுபட்டிருப்பின் உரிய மனுவை எழுதிக் கொடுத்து, அதற்கு அத்தாட்சி பெற்றுக்கொள்ளுங்கள். அன்று மேஸ்திரியின் மேசை முன் பேசாமல் திரும்பிய நம்மைப் போல் இன்று எவரும் திரும்புதல் வேண்டா.